அம்மாவின் டிராலிக்கு ஒரு கேங்வே

1

நேற்று எங்கள் தபால் பெட்டியில் ஊர் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் கிடந்தது. அடுத்த வாரம் செவ்வாய் முதல் வியாழன் வரை எங்கள் கட்டடத்துக்கு முன்னால் நடைபாதையைத் தோண்டப் போகிறார்களாம். குழாய் வேலை. அந்த மூன்று நாளும் நடப்பவர்கள் எதிர்ப்பக்கம் போக வேண்டும், சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் மரச் சரிவு வைக்கப்படும், சந்தேகம் இருந்தால் இன்ன அம்மையாரை இன்ன நேரத்தில் கேட்கலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம். மூன்று நாள் நடைபாதை இல்லாததற்கு ஒரு முழுப் பக்க வருத்தம்.

ஜெர்மனியில், நெக்கர் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன். இந்த ஊரின் கடிதங்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. வந்த புதிதில், வீட்டு முகவரியைப் பதிய ஒரு படிவம், அந்தப் படிவம் கிடைத்ததை உறுதி செய்ய இன்னொரு படிவம் என்று அலைந்து, ஒரு நாள் கவுன்ட்டரில் பொறுமை போய் "என்னாங்க இது!" என்று பச்சைத் தமிழில் கத்தியிருக்கிறேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாளும் அசராமல் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூன்றாவது படிவத்தை நீட்டினாள்.

ஆனாலும் நேற்றைய கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறை மேஜையில் வைத்து இரண்டு முறை படித்தேன். ஓசூரில் எங்கள் தெருவில் நடப்பதற்கு ஒரு வழி கிடைத்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அதை யாரும் கடிதம் போட்டுத் தெரிவிக்கவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

2

என் அம்மா சரோஜா, ஓசூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வயரிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். பிறந்தது பாகலூர் பக்கம். அப்பாவும் அதே தொழிற்பேட்டையில்தான். அவர் இருக்கும்போதே இருவர் சம்பளத்திலும் லோன் போட்டுக் கட்டிய வீடு அது. அப்பா போன பிறகு அம்மா மட்டும் கீழ்வீட்டில். மேல்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்.

மூன்று வருடம் முன்பு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. "நடந்தாதான் கால் வரும், தினமும் வெளிய போய் நடங்க" என்று டாக்டர் சொன்னார். அம்மாவும் நடந்தார். டி.வி.யிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை, ஃப்ரிட்ஜிலிருந்து டி.வி. வரை.

அதற்கடுத்த இரண்டு வருடத்தில் நான் எந்த நேரத்தில் போன் செய்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். கேட்கிறவர்களுக்கு இது நல்ல விஷயமாகத் தோன்றும். எனக்கு அப்படி இல்லை. முன்பெல்லாம் அம்மாவைப் போனில் பிடிக்க நாலு முறை அடிக்க வேண்டும். மாவு மில்லில் இருப்பார், ரேஷன் கடையில் இருப்பார், யார் வீட்டு வாசலிலாவது நின்று மூன்று மொழியில் வம்பளந்துகொண்டிருப்பார். இப்போது போனுக்குப் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறது.

என் மகள் இனியாவுக்குப் பதினாலு வயது. தமிழ் புரியும், பேசச் சொன்னால் பாதி வாக்கியத்தில் ஜெர்மனுக்கு ஓடிவிடுவாள். ஒரு நாள் வீடியோவில் பேசி முடித்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, பாட்டி வீட்ல ஃப்ரிட்ஜ் தவிர வேற எதுவும் இல்லையா? எப்பவும் பின்னால அதான் தெரியுது." நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அன்று ராத்திரி டிக்கெட் பார்த்தேன்.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி முரளி அதற்குள் வேறு முடிவுக்கு வந்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஞாயிறுதோறும் மாநில எல்லையில் அத்திப்பள்ளி நெரிசலில் பஸ்ஸில் நின்று வந்து, வாரத்துக்கு வேண்டிய மளிகையை அடுக்கிவிட்டுப் போகிறவன் அவன்தான். வீட்டை விற்றுவிடலாம், அம்மா என்னோடு பதினோராவது மாடியில் இருக்கட்டும் என்றான்.

"லிஃப்ட் இருக்கும்மா. கீழ பார்க் இருக்கு."

"அங்க போயி நான் யாருகிட்ட பேசறது? லிஃப்ட்டுகிட்டயா?" என்றார் அம்மா.

"இங்க மட்டும் யாருகிட்ட பேசற? வாசப்படிய தாண்டி எத்தன மாசமாச்சு?"

எனக்கு ஒரு மாத லீவு கிடைத்திருந்தது. அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டைப் பார்க்க ஆள் வருவதாக முரளி பேசி வைத்திருந்தான். அதற்குள் அம்மா தனியாக வெளியே போய்வருகிறார் என்று காட்டினால் அந்தப் பேச்சை விட்டுவிடுவதாகச் சொன்னான். அம்மா அந்த வீட்டில் இருப்பாரா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான்.

3

போகும்போது ஒரு நடைவண்டி வாங்கிக்கொண்டு போனேன். நான்கு சக்கரம், கைப்பிடியில் பிரேக், முன்னால் கூடை, களைத்தால் உட்கார ஒரு பலகை. எங்கள் ஜெர்மன் ஊரில் எண்பது வயதுப் பெண்மணிகள் இதைத் தள்ளிக்கொண்டு பேக்கரி, மருந்துக் கடை, நூலகம் எல்லாம் போய் வருவார்கள். எதுவும் பத்து நிமிட நடைக்கு மேல் கிடையாது. அதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியே இதை வாங்கினேன். பெங்களூர் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல சீட் எங்க, பெடல் எங்க?" என்றார்.

அம்மா அதைப் பார்த்த பார்வை வேறு. பிரேக்கை அழுத்தினார், கூடையை ஆட்டினார், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார்.

"நம்ம கம்பெனி ஸ்டோர்ஸ் டிராலி மாதிரியே இருக்கு கண்ணு. பேரிங் நல்லா இருக்கு."

அதிலிருந்து அதன் பெயர் டிராலி.

மறுநாள் காலை டிராலியை வாசலுக்கு இறக்கினோம். பதினோரு எட்டு வைத்தோம். பன்னிரண்டாவது எட்டில் பக்கத்து வீட்டில் வண்டி ஏற்றும் சாய்வுமேடை தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றினால் மணல் குவியல். மணலைச் சுற்றினால் நடுத்தெரு. நடுத்தெருவில் தண்ணீர் லாரி. அம்மா டிராலியைத் திருப்பினார்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு நானும் ஓசூரில் ஒரு கம்பெனியில் டைம் ஸ்டடி பிரிவில் இருந்தவள்தான். ஸ்டாப் வாட்ச்சும் அட்டையுமாக நின்று, ஒரு ஆள் ஒரு வேலைக்கு எத்தனை எட்டு வைக்கிறார், எங்கே நேரம் வீணாகிறது என்று எழுதுவதுதான் எனக்குச் சம்பளம். அதேபோல் தெருவை எழுதினேன். எங்கள் வாசலிலிருந்து மாவு மில் நூற்று ஐம்பது எட்டு. சர்க்கரை மாத்திரை தரும் அரசு சுகாதார நிலையம் இருநூற்று எழுபது. டவுன் பஸ் நிறுத்தம் நானூற்றுப் பத்து. ரேஷன் கடை அதற்கு எதிரிலேயே. எங்கள் ஜெர்மன் ஊரைவிடவும் பக்கம்! எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, எதற்கும் போக முடியாது. அந்த நானூற்றுப் பத்து எட்டில் பைக்குகள், ஜல்லி, பூந்தொட்டி, சாய்வுமேடை என்று இருபத்தாறு இடத்தில் டிராலி நிற்கும். இருபத்தாறிலும் பெரியது வெங்கடேசப்பாவின் கார்.

வெங்கடேசப்பா எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. அம்மா வேலை பார்த்த அதே பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவருடைய காருக்கு உறை போட்டுத் தெருவின் மிகக் குறுகலான இடத்தில் நிறுத்தியிருப்பார். மாதத்துக்கு ஒரு முறை எடுப்பார், துடைப்பார், அங்கேயே நிறுத்துவார். அவருடைய போர்டிகோவில் பழைய சோபா இரண்டு குடியிருந்தது.

நான் ஜெர்மன் வழியில் இறங்கினேன். வரைபடம் போட்டு, எண் கொடுத்து, "அன்பார்ந்த தெருவாசிகளுக்கு" என்று ஒரு பக்க நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் உட்கார வைத்து காபி கொடுத்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் கும்பிடு படங்கள் குவிந்தன. மறுநாள் ஒரு பைக் கூட நகரவில்லை.

வெங்கடேசப்பாதான் மனம் விட்டுப் பேசினார். "நல்ல ஐடியாதாம்மா. ஜெர்மனில எல்லாம் டிசிப்ளின். நம்ம ஜனத்துக்கு அது வராது."

வீட்டுக்கு வந்து நோட்டீஸ் கட்டை மேஜைமேல் எறிந்தேன். வீடு பார்க்க ஆள் வரும் ஞாயிறுக்கு எட்டு நாள்தான் இருந்தது. அழுகை வரும்போல் இருந்தது, வந்தது.

4

அம்மா ஒரு நோட்டீஸை எடுத்துப் படித்தார். மடித்து டிராலிக் கூடையில் போட்டார்.

"கண்ணு, இத்தன எழுத்து எதுக்கு? டிராலின்னா கேங்வே வேணும். கேங்வேன்னா கோடு வேணும். கோட்டப் போடு."

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனித் தரையில் ஆட்களும் டிராலியும் போக இரண்டு மஞ்சள் கோடு போட்டு ஒரு வழி விட்டிருப்பார்கள். அதுதான் கேங்வே. அதில் எதையும் வைக்கக் கூடாது. ஒரு போல்ட் கூடக் கிடக்கக் கூடாது. நடக்கிறவர் கோட்டுக்குள்ளேதான் நடக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லித் தலையில் ஏற்றிவிடுவார்கள்.

"இந்தத் தெருல முப்பது வீடு. கம்பெனிக்குப் போகாத ஆம்பள எவன் இருக்கான்? போர்டு வச்சா படிக்க மாட்டானுங்க. சொன்னா கேக்க மாட்டானுங்க. மஞ்சக் கோடு போட்டுப் பாரு, கால் தானா நிக்கும். ஒரு வயர் டப்பா ரெண்டு இன்ச் கோட்டத் தாண்டி இருந்ததுக்கு இதே வெங்கடேசப்பா சார்கிட்ட மெமோ வாங்குனவ நான். இன்னிக்கும் மஞ்சளப் பாத்தா எனக்கு ஒதுங்கத் தோணுது."

"தெருவுல பெயின்ட் அடிக்க யாருகிட்டம்மா பர்மிஷன் கேக்கறது?" என்றேன். பதினாறு வருட ஜெர்மனி வாயில் வந்து நின்றது.

"பொங்கலுக்கு ரோடு முழுக்கக் கோலம் போடறமே, அதுக்கு எந்த ஃபாரம் எழுதிக் குடுத்த?"

இருந்தாலும் வார்டு அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வண்டி போகிற இடத்தை மறிக்காதவரை சரி என்றார்கள்.

மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கும் செல்வராஜ் தென்காசிக்காரர். ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவு. கேட்டதும் துள்ளிக் குதித்தார். "நூலு புடிச்சுப் போட்டுருவோம்லா அக்கா! ரோலரு நம்மட்ட இருக்கு. ஆனா தெரு காலியா கெடைக்கணும்லா?"

அது எப்போது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபின், முதல் ஷிப்ட் ஆட்கள் திரும்புவதற்கு முன், மதியம் ஒரு மணி நேரம் எங்கள் தெருவில் பைக்கே இருக்காது. சனிக்கிழமை அந்த நேரத்தில் இறங்கினோம். மணலும் ஜல்லியும் குவித்திருந்த வீட்டுக்காரரே மண்வெட்டி எடுத்து வந்து ஓரம் கட்டினார். அவரும் செல்வராஜின் கம்பெனிதான். நான் நூலின் ஒரு முனை, செல்வராஜின் மனைவி மறுமுனை. அம்மா டிராலிப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, "மூணடி அகலம், கம்மி பண்ணாத" என்று வேலை வாங்கினார். சாய்வுமேடைகளைச் சுற்றிக் கோடு வளைகிற இடத்தில் எல்லாம் அவர் குரல் கேட்டது.

வெங்கடேசப்பா அன்று கிருஷ்ணகிரியில் மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போயிருந்தார். கார் உறையோடு நின்றது. செல்வராஜ் ரோலரைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"கார் வரைக்கும் போடு. அந்தப் பக்கத்துலேர்ந்து மறுபடி போடு," என்றார் அம்மா. அப்படியே போட்டோம். இரண்டு மஞ்சள் கோடும் காரின் பின்சக்கரத்தில் முட்டி நின்று, முன்சக்கரத்துக்கு அப்பால் மறுபடி தொடங்கின.

மூன்றரைக்கு முதல் ஷிப்ட் பைக்குகள் வந்தன. நான் ஜன்னலில் மறைந்து நின்று பார்த்தேன். முதலில் வந்தவன் வழக்கமான இடத்துக்கு வண்டியைத் திருப்பினான். முன்சக்கரம் மஞ்சளைத் தொட்டது. பிரேக். குனிந்து பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். வண்டியைப் பின்னால் தள்ளி, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒட்டி நிறுத்தினான். அதோடு விட்டானா? இறங்கி, கோட்டுக்குள் ஏறி, கேங்வே வழியாகவே தன் வீட்டுக்கு நடந்து போனான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தேன்.

5

ஞாயிறு காலை முரளியின் பஸ் ஒன்பதரைக்கு வரும். ஒன்பது மணிக்கு அம்மா புதுப்புடவை கட்டி டிராலியோடு வாசலில் நின்றார். கைப்பிடியில் செல்வராஜ் மாட்டிக்கொடுத்த சைக்கிள் மணி.

"நானே போயி அவனைக் கூட்டியாறேன். நீ பின்னால வராத. வந்தாலும் பத்தடி தள்ளி வா."

முதல் ஐந்து வீட்டை அம்மா தாண்டியதை எப்படிச் சொல்வது! இரண்டு வருடமாகத் தெருவில் நடக்காத ஆள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு விசாரிப்பு, தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. ஆறாவது வீட்டில் கார். டிராலி நின்றது.

நான் ஓடிப்போய், "சுத்திப் போயிடலாம்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

"டிராலி சுத்திப் போகக் கூடாது. கேங்வேல அடைப்பு இருந்தா நிக்கணும். எடுக்கறவரைக்கும் நிக்கணும். அதுதான் ரூலு." மணியை அடித்தார். மறுபடி அடித்தார்.

ஒன்பது பத்து. ஒன்பதே கால். மாடிகளில் தலைகள் முளைத்தன. முந்தின நாள் கோட்டுக்கு ஒட்டி வண்டி நிறுத்தியவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வெங்கடேசப்பா ராத்திரியே ஊர் திரும்பியிருந்தார். லுங்கியோடு, கையில் காபி டம்ளரோடு வந்தார்.

"என்ன சரோஜாம்மா, காலங்காத்தால மணி? சுத்திப் போறதுதான…"

அதற்குள் அவர் பார்வை கீழே போனது. தன் காலைப் பார்த்தார். ஒரு கால் மஞ்சளுக்குள், ஒரு கால் வெளியே. வெளியே இருந்த காலை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கோட்டின் வழியே பார்வையை ஓட்டிக் காரின் சக்கரத்துக்கு வந்தார்.

அம்மா மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கேங்வே அடைச்சிருக்குங்க சார்," என்று மட்டும் சொன்னார். லைனில் நின்று இருபத்திரண்டு வருடம் சொன்ன அதே மரியாதையோடு.

வெங்கடேசப்பாவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். டம்ளரை மதில்மேல் வைத்தார். உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில் கார் சாவியைக் கேட்டுச் சத்தம் போட்டார். உறையை உருவினார். சாவியைத் திருகினார். மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிற வண்டி, அன்று பார்த்துக் கிளம்பவில்லை. ஒன்பது இருபது.

"தள்ளுங்கப்பா!" என்று அவரே கத்தினார். எட்டு பேர் தள்ளினார்கள். இரண்டு பேர் போர்டிகோவிலிருந்து சோபாக்களைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று ஒருவன் கேட்டதற்கு, "கோட்டுக்கு வெளிய வைடா!" என்று பழைய சூப்பர்வைசர் குரலில் அதட்டினார். கார் தனக்காகவே கட்டிய போர்டிகோவுக்குள் முதல் முறையாகப் போனது. பிறகு அவர் கேங்வேக்கு ஓரமாக நின்று, டிராலிக்குக் கை காட்டினார்.

"போங்கம்மா. லைன் கிளியர்."

தெருவே கைதட்டியது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அல்லவா.

முரளி இறங்கியபோது நான் எதிர்ப்பக்கம் ரேஷன் கடை வாசலில் நின்றிருந்தேன். இரண்டு கையிலும் மளிகைப் பை. நிமிர்ந்தவன் அம்மாவைப் பார்த்தான். பஸ் போய்விட்டது, அவன் அங்கேயே நின்றான்.

"யாரும்மா கூட்டியாந்தது?"

"டிராலி. பையக் கூடைல வை, ஏன் தூக்கிகிட்டு நிக்கற?"

வைத்தான். வைத்துவிட்டு டிராலிக் கைப்பிடியைப் பிடிக்கப் போனான். அம்மா பட்டென்று அவன் கையில் ஒரு அடி வைத்தார். அடி வாங்கிய கையால் முரளி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு போனை எடுத்து, பதினோரு மணிக்கு வருவதாக இருந்தவரிடம், "வேணாங்க, வீடு குடுக்கறதா இல்லீங்க" என்றான். நான் தெருவைக் கடந்து போய் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு இந்தப் பதினாறு வருடத்தில் எந்தத் தாளும் முத்திரையும் கொடுத்ததில்லை.

6

இந்த ஒரு வருடத்தில் கோடு ரேஷன் கடை தாண்டி அடுத்த தெருவுக்கும் போய்விட்டது. சாய்வுமேடைகள் இரண்டு உடைக்கப்பட்டன, மூன்றாவது வீட்டுக்காரர் இன்னும் யோசிக்கிறார். வார்டு ஆட்கள் வந்து உடைந்த சாக்கடை மூடிகளை மாற்றிக் கொடுத்தார்கள். நாய்கள் மட்டும் கேங்வேயில் படுக்கின்றன. அவை கம்பெனிக்குப் போனதில்லை. ஒடிசாவிலிருந்து வந்து குடியிருக்கும் ஒரு பெண் குழந்தை வண்டியோடு சாயங்காலம் போகிறாளாம். அம்மா இப்போது அவளிடம் ஹிந்தி கற்றுக்கொள்கிறார். வெங்கடேசப்பா காலையில் ஒரு சாக்பீஸோடு கோட்டு ஓரமாக நடக்கிறார். எவன் வண்டி உள்ளே நீட்டியிருந்தாலும் சீட்டில் ஒரு பெருக்கல் குறி.

நேற்று அந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம் என்று போன் செய்தேன். இனியாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மணி அடித்தது. முழுக்க அடித்து நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாவது முறை வீடியோவில் எடுத்தார். திரையில் பாதி வானம், பாதி அம்மாவின் நெற்றி. பின்னால் மில் சத்தம், சைக்கிள் மணி, யாரோ கன்னடத்தில் சிரிக்கிறார்கள்.

"பாட்டி, ஃப்ரிட்ஜ் எங்க?" என்றாள் இனியா, முழுத் தமிழில்.

"ஃப்ரிட்ஜு வீட்ல இருக்கு கண்ணு, நான் ரோட்ல இருக்கேன். உங்கம்மாகிட்ட சொல்லு, இப்பப் பேச நேரமில்ல. வைக்கறேன்."

வைத்துவிட்டார்.